‘எடுத்துடலாம்க்கா’ என்றேன், அவர் நீக்கியே விட்டார்

கேள்வி:

வணக்கம் மேடம். 6 பேர் கொண்ட ஒரு குழுவுக்கு எட்டு மாதமாகப் பொறுப்பாளராக இருக்கிறேன். குழுவில் ஒருவர் என்னைவிட 12 வயது மூத்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். இன்றும் அவரை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறேன்.

சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளருக்கு அரையாண்டு அறிக்கை தயாரித்தோம். திங்கட்கிழமைக் கூட்டத்தில், “பழைய கணக்குகளை எல்லாம் எடுத்துடலாம்க்கா, வெள்ளிக்குள்ள பார்த்து அனுப்பிடலாம்” என்றேன். “சரிப்பா” என்றார். அவர் பழைய கணக்குகளைத் தனித் தாளில் எடுத்து வைப்பார், நான் ஒருமுறை சரிபார்ப்பேன், வெள்ளிக்கிழமை அனுப்புவோம் என்பது என் எண்ணம். அவரோ பழைய கணக்குகளை அறிக்கையிலிருந்தே நீக்கிவிட்டு, வியாழக்கிழமை மாலையே வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டார். பிரதி இருந்ததால் தரவு தப்பியது. ஆனால் வாடிக்கையாளர் கோபப்பட்டார். மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் என்ன நடந்தது என்று கேட்டார். “நான் தெளிவாத்தான் சார் சொன்னேன்” என்றேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னிடம், “எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்” என்றார்.

அன்றிலிருந்து என்னோடு நேரில் பேசுவதே இல்லை. எல்லாம் மின்னஞ்சல்தான், அதுவும் மேலாளருக்கு ஒரு நகலோடு. மேலாளர் என்னிடம், “இனி எதையும் வாய்மொழியா சொல்லாதே, எல்லாத்தையும் எழுத்துல வை” என்கிறார். என் தவறு எங்கே இருக்கிறது? இனி எப்படிப் பேசுவது? அக்காவோடு பழையபடி வேலை செய்ய முடியுமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

அன்று கூட்டத்தில் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. எனக்கு வரும் பெரும்பாலான கடிதங்களில் “நான் தெளிவாகத்தான் சொன்னேன்” என்பது இருக்கும். என்ன சொன்னார்கள் என்பது மட்டும் இருக்காது. வாக்கியம் கையில் கிடைத்திருப்பதால், அதைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

மொத்தம் ஏழு சொற்கள். ‘எடு’ என்பதிலிருந்து தொடங்குகிறேன். “அந்தக் கோப்பை எடு” என்றால் கையில் எடுக்க வேண்டும். “அந்தக் கறையை எடு” என்றால் இல்லாமல் ஆக்க வேண்டும். ஒரே வினைக்கு இரண்டு எதிரெதிர் வேலைகள். எந்த வேலை என்பதை எடுக்கப்படும் பொருளை வைத்துத்தான் ஊகிக்கிறோம்: கோப்பு வேண்டியது, கறை வேண்டாதது. நீங்கள் எடுக்கச் சொன்னவை ‘பழைய’ கணக்குகள். பழையது என்று காதில் விழுந்ததுமே மனம் வேண்டாதது என்ற பக்கம்தான் சாயும். போதாக்குறைக்கு ‘எடுத்துவிடலாம்’ என்று ஒரு ‘விடு’வையும் சேர்த்திருக்கிறீர்கள்; காரியத்தை முடித்துக் கட்டும் தொனி அதற்கு உண்டு. அக்காவின் இடத்தில் நான் இருந்தாலும் நீக்கத்தான் செய்திருப்பேன்.

அடுத்தது ‘பார்த்து’. நீங்கள் நினைத்தது ‘நான் பார்த்த பிறகு’. அவர் காதில் விழுந்தது ‘கவனமாக’. “பார்த்துப் போ” என்று சொல்கிறோமே, அந்தப் ‘பார்த்து’. ‘வெள்ளிக்குள்’ என்பதும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை அலுவலகம் முடியும்வரை என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள், வெள்ளி பிறக்கும் முன் என்று சிலர். பொறுப்பான ஆள் எப்போதும் முந்திய கெடுவைத்தான் எடுத்துக்கொள்வார். அவர் வியாழன் மாலையே அனுப்பியது அலட்சியத்தால் அல்ல, அக்கறையால்.

இனி ‘லாம்’. “நீங்க போகலாம்” என்றால் அனுமதி. “மழை வரலாம்” என்றால் வாய்ப்பு. “வாங்க, போகலாம்” என்றால் அழைப்பு. இந்த மூன்றில் எதுவுமே ஒருவரிடம் வேலையை ஒப்படைப்பதில்லை. தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் சொகுசாக நடந்துவிடும். வீட்டுப் பேச்சுக்கு அது பெரிய வசதி. வேலை பிரிக்கும் இடத்தில் அதுவே வினை. யார் எடுப்பது, யார் பார்ப்பது, யார் அனுப்புவது என்ற மூன்றுக்கும் உங்கள் மனதில் பதில் இருந்தது, உங்கள் வாக்கியத்தில் இல்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். என் தொழிலில் இருக்கும் பலர் பயிற்சி வகுப்புகளில், “பேச்சில் சொற்களின் பங்கு 7 சதவீதம்தான், மீதி குரலும் உடல்மொழியும்” என்று ஒரு படம் போட்டுக் காட்டுவார்கள். ஆல்பர்ட் மெஹ்ரபியன் என்ற உளவியலாளர் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த எண் அது. அவர் ஆராய்ந்தது, ஒருவர் நம்மை விரும்புகிறாரா வெறுக்கிறாரா என்பதை எதை வைத்து எடைபோடுகிறோம் என்பதை மட்டும். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். உங்கள் சம்பவத்தில் குரல் இனிமையாக இருந்தது, முகம் சிரித்தது, மரியாதை இருந்தது. சொற்கள்தான் காலை வாரின.

சரி, உங்களுக்கு மட்டும் ஏன் அது தெளிவாகத் தோன்றியது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி 1990-இல் ஒரு சோதனை நடத்தினார். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் தாளத்தை ஒருவர் மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டப்பட்ட 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது 3. தட்டுகிறவரின் தலைக்குள் வரிகளும் இசையும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எதிரில் இருப்பவருக்குக் கேட்பதெல்லாம் டொக் டொக் சத்தம். வீட்டில் யாரையாவது உட்கார வைத்து இதைச் செய்து பாருங்கள். “இதுகூடவா தெரியவில்லை?” என்று நிஜமாகவே எரிச்சல் வரும். மேலாளர் முன்னால் “தெளிவாத்தான் சொன்னேன்” என்றீர்களே, அப்போது உங்களுக்கு வந்ததும் அதே எரிச்சல்தான். நீங்கள் பொய் சொல்லவில்லை. உங்களுக்கு முழுப் பாட்டும் கேட்டது.

ஆனால் உங்கள் விஷயத்தில் இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருப்பதாக நினைக்கிறேன். குழுவில் உங்களைவிட இளையவர் ஒருவரிடம் இதே வேலையைக் கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? “பழைய கணக்கைத் தனித் தாளில் போட்டு எனக்கு அனுப்பு, நான் பார்த்துட்டு சொல்றேன்.” இல்லையா? அக்காவிடம் அப்படி வாய் வரவில்லை. உங்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரிடம் ‘செய்’ என்று எப்படிச் சொல்வது? அதனால் கட்டளையை ‘லாம்’ போட்டு மூடினீர்கள். ‘நான் சரிபார்ப்பேன்’ என்று சொன்னால் அவருடைய வேலையைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமோ என்று ‘நான்’ என்பதையும் விழுங்கிவிட்டீர்கள். அதாவது அந்த வாக்கியத்தில் இருந்த குழப்பமெல்லாம் மரியாதையிலிருந்து வந்தது.

வயதில் மூத்தவர்களுக்குப் பொறுப்பாளராக வந்த இளைஞர்கள் எல்லோரிடமும் இதைப் பார்க்கிறேன். ‘பார்த்துக்கலாம்’, ‘பண்ணிடலாம்’, ‘முடிஞ்சா பாருங்க’, ‘அவசரமில்லை, ஆனா சீக்கிரம் வந்தா நல்லாருக்கும்’. கேட்பவர் பாவம், இதில் உத்தரவு எது, உபசாரம் எது என்று பிரிக்க முடியாமல் திண்டாடுவார்.

தமிழில் இதற்கு வழி கைவசமே இருக்கிறது. மரியாதை காட்டத்தான் ‘ங்க’ இருக்கிறதே! “பழைய கணக்கை அறிக்கையில அப்படியே விட்டுட்டு, ஒரு பிரதியைத் தனித் தாள்ல போடுங்கக்கா. புதன் மதியம் எனக்கு அனுப்புங்க. நான் வியாழக்கிழமை பார்த்துட்டுச் சொல்றேன். வெள்ளி காலை 11 மணிக்கு நீங்களே வாடிக்கையாளருக்கு அனுப்பிடுங்க.” இதில் மரியாதைக் குறைவாக ஏதாவது இருக்கிறதா? ‘போடுங்கக்கா’ என்பதில் ‘ங்க’வும் இருக்கிறது, ‘அக்கா’வும் இருக்கிறது. யார், எதை, எப்போது என்பதும் இருக்கிறது. விகுதியில் எவ்வளவு மரியாதை வேண்டுமானாலும் வையுங்கள். வினையை மட்டும் மங்கலாக்காதீர்கள். உத்தரவாகத் தோன்றும் என்று தயக்கமாக இருந்தால் காரணத்தையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: “போன தடவை இந்தப் பழைய கணக்குலதான் கேள்வி கேட்டாங்க, அதான் தனியா வெச்சுக்கலாம்னு.” காரணம் தெரிந்த ஆள் வேலையைத் தப்பாகச் செய்வது கடினம். எதற்காக என்று தெரிந்திருந்தால் அக்கா அந்தக் கணக்குகளை நீக்கியிருக்கவே மாட்டார்.

அடுத்து அவர் சொன்ன ‘சரிப்பா’வுக்கு வருகிறேன். நம் ‘சரி’க்குக் குறைந்தது நான்கு அர்த்தம் உண்டு: காதில் விழுந்தது, புரிந்தது, ஒத்துக்கொள்கிறேன், செய்துவிடுகிறேன். ஐந்தாவதாக, ‘இந்தப் பேச்சை முடித்துக்கொள்வோம்’ என்றும் சில நேரம் அர்த்தம். சொல்பவர் முதல் அர்த்தத்தில் சொல்ல, கேட்பவர் நான்காவது அர்த்தத்தில் எடுத்துக்கொள்வது தினமும் நடக்கிற கூத்து.

விமானத் துறை இதற்குக் கொடுத்த விலை பெரியது. 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில், டெனெரீஃப் தீவின் லோஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் கடும் மூடுபனி. ஓடுபாதையின் ஒரு முனையில் கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 நிற்கிறது. அதே ஓடுபாதையில் பான் அமெரிக்கன் நிறுவனத்தின் இன்னொரு 747 ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது. ஒன்றையொன்று பார்க்க முடியாது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து இரண்டையுமே பார்க்க முடியாது. கே.எல்.எம். விமானத்திலிருந்து, “இப்போது புறப்பாட்டில் இருக்கிறோம்” என்று பொருள்படும் ஒரு வாக்கியம் வானொலியில் வருகிறது. ஓட ஆரம்பித்துவிட்டோம் என்று அவர்கள் சொல்கிறார்கள். புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொள்கிறார். “ஓகே” என்று சொல்லிவிட்டு, “காத்திருங்கள், நான் அழைக்கிறேன்” என்கிறார். அதே நொடியில் பான் அமெரிக்கன் விமானமும், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாக வானொலியில் பேசுகிறது. இரண்டு குரலும் மோதி, கே.எல்.எம். விமானி அறையில் ஒரு கீச்சொலியாகக் கேட்கிறது. தெளிவாக விழுந்தது அந்த ‘ஓகே’ மட்டும். கே.எல்.எம். விமானம் ஓடி வந்து பான் அமெரிக்கன் விமானத்தின் மீது மோதியது. 583 பேர் இறந்தார்கள்.

உங்கள் அக்கா சொன்னாரே, “எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு” என்று, அதைப் படித்ததும் எனக்கு இந்த விபத்தின் இன்னொரு பகுதி ஞாபகம் வந்தது. கே.எல்.எம். விமானம் வேகமெடுத்துக்கொண்டிருக்கும்போது, அதன் விமானப் பொறியாளர் தலைமை விமானியிடம், அந்த இன்னொரு விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று கேட்கிறார். விலகிவிட்டது என்று விமானி அழுத்தமாகச் சொல்கிறார். அவர் அந்த நிறுவனத்தின் மூத்த விமானிகளில் ஒருவர், மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். பொறியாளர் அதற்கு மேல் கேட்கவில்லை.

இதற்குப் பிறகு ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை, புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் பயன்படுத்தக் கூடாது என்று ஆனது. மற்ற இடங்களில் வேறு சொல். ஓடுபாதையில் நுழைவது, புறப்படுவது மாதிரியான அனுமதிகளுக்கு வெறும் ‘ஓகே’ செல்லாது. பெற்றுக்கொண்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் அந்த நொடியே திருத்தப்படும்.

நம் வேலையில் உயிர் போகப் போவதில்லை. ஆனாலும் இந்தத் ‘திருப்பிச் சொல்லும்’ பழக்கம் நமக்கு அப்படியே உதவும். நேரம் வீணாகும் என்று உங்கள் குழுவில் யாராவது முனகினால், மருத்துவமனைகளில் நடந்ததைச் சொல்லுங்கள். பணிநேரம் மாறும்போது நோயாளிகளின் விவரத்தை அடுத்த மருத்துவரிடம் ஒப்படைப்பதை, வாங்கிக்கொள்பவர் தன் சொற்களில் திருப்பிச் சொல்வது உட்பட, ஒரு ஒழுங்கு முறைக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 9 குழந்தைகள் மருத்துவமனைகளில் செய்து பார்த்த முடிவு 2014-இல் வெளியானது. மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்திருந்தன. ஒப்படைக்க ஆகும் நேரமோ குறிப்பிடும்படி கூடவில்லை.

ஆனால் இதை எப்படி ஆரம்பிக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே பதில்தான்: “புரிஞ்சுது.” 12 வயது மூத்தவர், தான் பழக்கிவிட்ட பையனிடம் ‘புரியலை’ என்று எப்படிச் சொல்வார்? அதைவிட மோசம், “நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்” என்பது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வது மாதிரி இருக்கும். சோதனை உங்கள் மீது என்பது தெரியும்படி கேளுங்கள்: “நான் ஒழுங்கா சொன்னேனான்னு தெரியலைக்கா. இதை எப்படிச் செய்யப்போறீங்கன்னு ஒரு தடவை சொல்லிடுங்களேன்.” அல்லது இன்னும் சுலபமாக, “முதல்ல எதுல கை வைக்கப்போறீங்க?” என்று கேளுங்கள். அன்று திங்கட்கிழமை இதைக் கேட்டிருந்தால், “பழசை எல்லாம் அழிச்சுட்டு…” என்று அவர் ஆரம்பிப்பதற்குள் விஷயம் வெளியே வந்திருக்கும்.

முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள். அக்காவோ மேலாளரோ உங்களிடம் ஒரு வேலையைச் சொன்னால், “அப்போ நான் இதை இதைச் செய்யணும், புதன்கிழமை உங்ககிட்ட தரணும், சரியா?” என்று கேட்டுவிட்டு நகருங்கள். இரண்டு வாரத்தில் குழுவில் மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். சுற்றறிக்கை அனுப்பினால் ஒட்டாது.

சந்தேகம் வந்தபோது அவர் ஏன் கேட்கவில்லை என்ற வருத்தம் உங்களுக்கு இருக்கலாம். நியாயமான வருத்தம்தான். ஆனால் கேட்பது அவருக்குச் சுலபமாக இருந்ததா என்றும் பாருங்கள். “இதில ஏதாவது சந்தேகம் இருக்கா?” என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். “இதில எது தப்பாப் போக வாய்ப்பிருக்கு, நீங்க எத்தனையோ தடவை பார்த்திருப்பீங்களே?” என்று கேட்டுப் பாருங்கள். இப்போது அவர் வாய் திறந்தால் அது அறியாமை இல்லை, அனுபவம்.

தேதி, அளவு, எண் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 03/04 என்று எழுதினால் ஒருவருக்கு ஏப்ரல் 3, இன்னொருவருக்கு மார்ச் 4. மாதத்தைப் பெயரால் எழுதுங்கள். ‘இரண்டு நாளில்’ என்பதற்குப் பதில் கிழமையையும் மணியையும் சொல்லுங்கள். அலகையும் விடாதீர்கள். 1999 செப்டம்பரில் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம் செவ்வாயை நெருங்கிய நிலையில் தொலைந்துபோனது. உந்துவிசைக் கணக்கை ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டில் கொடுத்தது, இன்னொரு குழு அதை நியூட்டனில் இருப்பதாக எடுத்துக்கொண்டது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்ட இடம் அது.

ஆங்கிலத்தில் எழுதினால் குழப்பம் வராது என்று சிலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு நிறுவனத்தில் பயிற்சி நடத்த ஒப்புக்கொண்டேன். அவர்களிடமிருந்து வந்த மின்னஞ்சலில், ‘வி வில் ஃபிக்ஸ் எ ஹால்’ என்று இருந்தது. ‘நாங்கள் அரங்கம் ஏற்பாடு செய்கிறோம்’ என்று நான் படித்தேன். ‘நாம் பேசி முடிவு செய்வோம்’ என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். பயிற்சி நாளன்று 40 பேரும் நானும் ஒரு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தோம். நாம் வேறு, நாங்கள் வேறு என்று பிரித்துச் சொல்லும் மொழியை வைத்துக்கொண்டு, அந்த வசதியில்லாத மொழியில் எழுதிக் கெட்ட கதை இது. உங்கள் குழுவில் எந்த மொழியில் எழுதினாலும் ‘நாம்’, ‘வி’ வருகிற இடத்தில் ஒரு ஆளின் பெயரைப் போட முடிகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் எழுத்தில் வைக்கச் சொல்லும் உங்கள் மேலாளரின் யோசனை. பாதி சரி. பேசி முடித்த பிறகு யார், எதை, எப்போது என்று மூன்று வரி எழுதி அனுப்புவது நல்ல பழக்கம். பேச்சுக்குப் பதிலாகவே எழுத்து என்று போனால் வேறு சிக்கல் வரும். ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலிய ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், சில வாக்கியங்களைக் கிண்டலாகவோ நிஜமாகவோ எழுதி மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். எது கிண்டல் என்பதை 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். நடந்தது 56 சதவீதம். நாணயம் சுண்டிப் பார்த்தால் கிடைப்பதைவிடக் கொஞ்சம் மேல். குரலில் சொன்னபோது 73 சதவீதம் சரியாகப் போய்ச் சேர்ந்தது. உறவு நன்றாக இருக்கும்போதே நிலைமை இது. மனம் கசந்திருக்கும்போது “நன்றி, பார்த்துவிட்டேன்” என்ற ஒரு வரிகூடக் குத்தலாகத்தான் தெரியும்.

எழுத்திலும் இரண்டு வகை உண்டு. தெளிவுக்காக எழுதுவது ஒன்று, சாட்சிக்காக எழுதுவது இன்னொன்று. சாட்சிக்காக எழுதியது படிப்பவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அக்கா மேலாளருக்கு நகல் போடுவது இந்த இரண்டாவது வகை. ‘நாளைக்கு மறுபடியும் என் தலையில் பழி விழுந்தால் காட்ட ஒரு தாள் வேண்டும்’ என்று நினைக்கிறார். அப்படி நினைக்க வைத்தது அந்த அறிக்கைக் குழப்பம் என்றா எண்ணுகிறீர்கள்? எனக்குத் தோன்றவில்லை. வேலையில் குழப்பம் வருவது இத்தனை வருட அனுபவமுள்ள அவருக்குப் புதிதல்ல. எல்லோர் முன்னிலையிலும் “நான் தெளிவாத்தான் சொன்னேன்” என்றீர்களே, அதற்குக் ‘கேட்டவருக்குத்தான் புரியவில்லை’ என்று அர்த்தம். பெயர் சொல்லாமலே அவரைக் கைகாட்டிவிட்டீர்கள். அதையும் அவர் பழக்கிவிட்ட பையன் சொன்னது வலித்திருக்கும்.

ஆகவே மன்னிப்புக் கேட்க வேண்டியது இரண்டுக்கு. தனியாகப் பேசுங்கள், உங்கள் இருக்கைக்குக் கூப்பிடாமல் அவர் இருக்கும் இடத்துக்குப் போங்கள். “அன்னைக்கு நான் சொன்ன விதம் சரியில்லக்கா. நீங்க புரிஞ்சுகிட்டதுல தப்பில்லை. சார் முன்னாடி தெளிவா சொன்னேன்னு சொன்னது அதைவிடத் தப்பு.” அவ்வளவு போதும். ‘ஆனா நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்’ என்று நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுங்கள். ‘லாம்’ போட்டு நீங்கள் விழுங்கியதையெல்லாம் பார்க்கும்போது இது ஒன்றும் பெரிதில்லை.

நகல் போடுவதைப் பற்றி இந்தப் பேச்சில் வாயே திறக்காதீர்கள். எடுத்தால், அதை நிறுத்துவதற்காகத்தான் வந்திருக்கிறீர்கள் என்று ஆகிவிடும். அவர் மின்னஞ்சலில் கேட்பதற்கு, எழுந்து போய் நேரில் பதில் சொல்லுங்கள். தேவையென்றால் பிறகு ஒரு வரி எழுதுங்கள். நகல் தானாகக் குறையும். ஒரு மாதமாகியும் குறையாவிட்டால் அப்போது நேராகவே கேட்கலாம்: “எங்கிட்ட இன்னும் ஏதாவது வருத்தம் இருக்காக்கா?” பழையபடி ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியே பழையபடி ஆகாது. அன்று நீங்கள் தம்பி மட்டும்தான், இன்று பொறுப்பாளரும்கூட. அதை இருவருமே இன்னும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை என்றுதான் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது. இந்தச் சந்திப்பில் வாய்ப்புக் கிடைத்தால், “உங்களுக்கு வேலை சொல்றதுக்கு எனக்கு இன்னும் கூச்சமாத்தான் இருக்குக்கா” என்று சொல்லிப் பாருங்கள். அவர் சிரிக்கக்கூடும்.

மேலாளர் விஷயம் பாக்கி. பழி பொதுவில் விழுந்ததால் அதைப் பொதுவிலேயே எடுக்க வேண்டும் (இந்த ‘எடு’, கறையை எடுக்கும் ‘எடு’). அடுத்த குழுக் கூட்டத்தில் அவர் முன்னிலையில், “அரையாண்டு அறிக்கையில் நான் வேலையைச் சொன்ன விதத்தில்தான் குழப்பம் இருந்தது, இனி பொறுப்பும் தேதியும் பெயரோடு சொல்லிவிடுகிறேன்” என்று ஒரே வாக்கியம். அதற்கு முன்பே அக்காவிடம் பேசியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலாளருக்காக நடித்தது போல ஆகும். வெள்ளிக்குள் பேசிடலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். நாளைக் காலை, வேலை தொடங்கும் முன், நீங்களே போய்ப் பேசுங்கள்.